சப்பாத்தி அடைத்துக்கொள்கிறதா? இன்னும் கொஞ்ச நாள் அதை விடுங்கள்

வணக்கம் சகோதரி. ஸ்லீவ் அறுவை சிகிச்சை (உடல் எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) முடிந்த ஏழாவது வாரத்தில் இட்லி நன்றாக இறங்கியது, அரைச் சப்பாத்தி மட்டும் நெஞ்சில் நின்று வாந்தியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இது பலருக்கும் நடப்பதுதான். கோதுமை மாவு எவ்வளவு மென்றாலும் பசைபோல ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். பிரெட், குழையாத சோறு, வறண்ட கோழிக்கறி எல்லாம் இதே ரகம்.

இன்று திரவ உணவு, நாளை மசித்த பருப்பு என்று ஒரு படி பின்னால் போங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதிய உணவு, அதுவும் பகலில், இரண்டு தேக்கரண்டி மட்டும். ஒத்துக்கொண்டால் இரண்டு நாள் கழித்து அடுத்தது. தட்டில் முதலில் புரதம்: முட்டை, வேகவைத்த மீன், கெட்டித் தயிர், பன்னீர். நாளுக்கு 60 கிராமாவது வேண்டும் என்பதால் சப்பாத்திக்கு இப்போது இடமே இல்லை.

“ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்கு” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தலையாட்டிவிட்டுக் குடிக்காமல் இருங்கள். சாப்பிட்டு 30 நிமிடம் கழித்தே தண்ணீர்.

தண்ணீரே தங்காவிட்டாலும், வாந்தி தொடர்ந்தாலும், காய்ச்சலோ கடும் வயிற்றுவலியோ வந்தாலும் காத்திருக்காமல் அறுவை செய்த மருத்துவரிடம் செல்லுங்கள். இரைப்பை குறுகியிருக்கலாம். தொடர் வாந்தியில் வைட்டமின் பி1 வேகமாகக் குறையும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது அதன் அறிகுறிகள். வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே அறுவை சிகிச்சை நடந்ததைச் சொல்லிவிடுங்கள். பி1 ஊசி முதலில் போட வேண்டியிருக்கும்.