ஆர்டர் குடுத்தும் டைஸ் விழலைன்னா படை நகராதுங்கற ரூல் சரியா?

கேள்வி: நெப்போலியன் காலத்து மினியேச்சர் கேம்ல (குட்டி வீரர் உருவங்கள டேபிள்ல நகர்த்தி ஆடுற போர் விளையாட்டு) ஆர்டர் குடுத்தும் டைஸ் சரியா விழலைன்னா படை அப்படியே நிக்குது, இதெல்லாம் எப்படி நிஜப் போர் ஆகும்?

பிளாக் பவுடர்ங்கற ரூல் புக் மாதிரி ரூல்ஸ்ல ஆடி, முக்கியமான நேரத்துல ஒரு பிரிகேட் (படைப்பிரிவு) அசையாம தோத்துருப்பீங்கன்னு நினைக்கிறேன். எனக்கும் அதே கோபம் இருந்துச்சு. தளபதியோட திறமைக்கு குடுத்த நம்பர் 8ன்னா, ரெண்டு டைஸ் கூட்டினா 8க்கு மேல போகக்கூடாது, போனா ஆர்டர் நடக்காது, ஆனா 36ல 10 வாட்டி போயிடும்.

நான் இருக்கறது லீட்ஸ்ல. போன வருஷம் 1815 ஜூன் 16ஆம் தேதிய, அதாவது வாட்டர்லூவுக்கு ரெண்டு நாள் முன்னாடி பிரெஞ்சுப் படை ஒரே நாள்ல போட்ட லிக்னி (நெப்போலியன் பிரஷ்யப் படையோட), காத்ர ப்ரா (அவரோட மார்ஷல் நே வெலிங்டன் படையோட) ரெண்டு சண்டையையும் ஒரே டேபிள்ல போட்டோம். 6 மி.மீ. வீரர்கள், பெயிண்ட் அடிக்கவே எட்டு மாசம். நான் பிரெஞ்சுப் பக்கம் ஆடினேன். அந்த ரூல் வேணாம்னு அடம்பிடிச்சேன், சரின்னு விட்டாங்க. பிரெஞ்சு ஜெனரல் தெர்லோனோட கோர் (பெரிய படைப்பிரிவு) ஒண்ண நேரா லிக்னிக்கு திருப்பினேன், பிரஷ்யத் தளபதி ப்ளூஹரோட பக்கவாட்டுல போய் விழுந்துச்சு, பிரஷ்யப் படை மொத்தமா காலி. ஜெயிச்சேன், ஆனா வீட்டுக்கு வந்தும் மனசு ஒப்பல.

ஏன்னா நிஜத்துல அன்னைக்கு நடந்ததே வேற. தெர்லோனோட சுமார் 20,000 பேர் லிக்னி பக்கம் திரும்பி வந்தாங்க, எதிரிப் படையோன்னு பிரெஞ்சுக்காரங்களே மிரண்டு போய் நெப்போலியனோட கார்டுங்கற சிறப்புப் படையோட தாக்குதல் தள்ளிப்போச்சு, அதுக்குள்ள மார்ஷல் நே திரும்ப வரச்சொல்லி ஆள் அனுப்பிட்டாரு, காத்ர ப்ரா போய்ச் சேரும்போது அங்கயும் சண்டை முடிஞ்சிருச்சு. ரெண்டு சண்டைலயும் அந்தக் கோர் ஒழுங்கா சண்டையே போடல! டைஸ் இல்லாம இத எந்த ரூல் காட்டும்?

மறுமாசம் ரூலோட ஆடினோம். தெர்லோன் மூணு டர்ன் ரோட்டுலயே நின்னாரு, நான் தோத்தேன், நே எதுக்கு அப்படிப் பதறினாருன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

எல்லாம் அதிர்ஷ்டம்னு சொல்லவரல, ஹெக்ஸ் மேப் கேமும் (அறுகோணக் கட்டம் போட்ட மேப்ல ஆடுறது) ஆடுறவன்தான், யாரும் சண்டைக்கு வரவேணாம். ஆனா "பொம்மை வெச்சு விளையாடுறான்"னு சொல்றவங்களத்தான் தாங்க முடியல. ஊர்ல அக்கா பையனுக்கு ஒரு ரெஜிமெண்ட் பெயிண்ட் பண்ணி அனுப்பினேன், கூரியர்ல பெட்டியப் பிரிச்சு அள்ளிப்போட்டு பாதி துப்பாக்கி உடைஞ்சு போய்ச் சேர்ந்துச்சு, புகார் குடுத்தா பொம்மைதானேன்னு பதில். மூணு வாரத்து ராத்திரி வேலைங்க அது.

நீங்க முதல்ல தளபதிக்கு 9 குடுத்து ஆடிப்பாருங்க, ஆறுல ஒரு வாட்டிதான் மறுப்பான், அது பழகினதும் 8க்கு வாங்க.