பிட்சிங் தனி வகுப்புக்குப் பணம் கட்டலாமா? பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

பிப்ரவரி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். ஏப்ரலில் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீகின் ஆட்டங்கள் தொடங்கிவிடும். அதற்குள் பிள்ளையைத் தனி வகுப்பில் சேர்த்துவிட வேண்டுமா என்று அமெரிக்காவில் பல ஊர்களிலிருந்தும் தமிழ்ப் பெற்றோர் கேட்கிறார்கள். பதினெட்டு ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குப் பேஸ்பாலில் பந்தெறியக் கற்றுத்தருகிறேன்; அதைத்தான் பிட்சிங் என்கிறோம். அவற்றில் பாதி ஆண்டுகள் கட்டணம் வாங்கிக்கொண்டு. என் வருமானம் இதில் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

மகனுக்கு ஒன்பது வயது. “கையில் நல்ல வேகம் இருக்கிறது, தனி வகுப்பில் சேருங்கள்” என்கிறார் அணியின் பயிற்சியாளர். அரை மணி நேரத்துக்கு 60 டாலர். வாரம் ஒரு வகுப்பு. சேர்க்கலாமா? (எடிசன், நியூஜெர்சி)

பணம் கட்டுவதற்கு முன் மூன்று வாரம் பொறுங்கள். அந்த மூன்று வாரமும் நீங்களாக அவனை விளையாடக் கூப்பிடாதீர்கள். பள்ளி விட்டு வந்ததும் அவனாகவே கையுறையைத் தூக்கிக்கொண்டு “அப்பா, வா” என்று வந்து நிற்கிறானா என்று மட்டும் பாருங்கள். ஒரு முறைகூட வரவில்லை என்றால், இந்த ஆண்டு வேண்டாம்.

காரணம் எளிது. அரை மணி நேர வகுப்பில் ஒரு பையன் முப்பது, நாற்பது பந்து எறிவான். அதற்கு மேல் எறியவிடவும் கூடாது. பாட்டு வகுப்பை நினைத்துப் பாருங்கள். வீட்டில் சாதகம் செய்யாத பிள்ளைக்கு எத்தனை பெரிய வித்வான் சொல்லிக்கொடுத்தாலும் சரளிவரிசையைத் தாண்ட முடியாது. மீதி ஆறு நாளில் நடப்பதுதான் பயிற்சி. வகுப்பு அதற்கு வழி காட்டுகிறது, அவ்வளவே. முப்பது வாரத்துக்கு 1,800 டாலர் ஆகிறது. அது முழுவதும் பயன்படுவதும் வீணாவதும் அந்த ஆறு நாளைப் பொறுத்தது.

என்னிடம் ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். வேகம் சுமார்தான். ஒருநாள் அவன் அம்மா சொன்னார்: “பல் துலக்கப் போனால் திரும்பி வர அரை மணி நேரம் ஆகிறது. கண்ணாடி முன்னால் ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.” முந்தைய வாரம் நான் சொல்லிக்கொடுத்தது அந்த நிலையைத்தான்: காலைத் தூக்கியபின் ஒரு நொடி ஆடாமல் நிற்பது. அந்த அம்மா கட்டிய ஒவ்வொரு டாலருக்கும் பலன் கிடைத்தது. அதே ஆண்டு, அவனைவிட வேகமாக எறிந்த இன்னொருவன் ஒவ்வொரு வாரமும் போன வாரப் பாடத்தையே புதிதாகக் கேட்டான். நான்கு மாதத்துக்குப் பிறகு அவன் பெற்றோரிடம் நானே நிறுத்தச் சொன்னேன்.

உங்கள் மகன் கையுறையோடு வந்து நின்றால், சேருங்கள். ஆனால் பத்து வகுப்புக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று நான்கு வகுப்பு போதும். முதல் நாள் நீங்களும் கூடவே நில்லுங்கள். “இந்த வாரம் எத்தனை பந்து எறிந்தாய், கை எப்படி இருக்கிறது?” என்று பயிற்சியாளர் முதலில் கேட்டால் நல்ல இடம். எடுத்த எடுப்பில் வேகம் அளக்கும் ரேடாரை நீட்டினால், அடுத்த வகுப்புக்குப் போக வேண்டாம். வகுப்பு முடிந்து வரும்போது “இன்றைக்கு என்ன சொன்னார்?” என்று பையனிடம் கேளுங்கள். ஒரே ஒரு விஷயத்தைச் செய்து காட்டினான் என்றால் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஏழு விஷயம் சொல்லிக் குழம்பினால் ஆளை மாற்றுங்கள்.

காத்திருக்கும் மூன்று வாரத்தில் அவனாக வந்து நின்றால் இதைச் செய்யலாம். ஒரு பந்தை எடுத்து, இரண்டு விரல்களும் குதிரைலாட வடிவத் தையலுக்குக் குறுக்கே படியும்படி பிடியுங்கள். இதுதான் ஃபோர்-சீம் பிடி. பந்தின் எடை 5 முதல் 5¼ அவுன்ஸ்; தொழில்முறை வீரர் எறிவதும் இதே அளவுதான். ஒன்பது வயதுக் கைக்கு அது பெரிது. ஆகவே மூன்று விரலால் பிடித்தாலும் தவறில்லை. பந்துக்கும் உள்ளங்கைக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும். இப்போது அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவே தொடங்கி, பந்தைச் சுற்றிக் கறுப்பு மையால் ஒரு கோடு போடுங்கள். பையன் எறியும்போது அந்தக் கோடு ஆடாமல் நேராகச் சுழன்று வந்தால், விரல்கள் பந்துக்குப் பின்னால் இருக்கின்றன. கோடு தள்ளாடினால், கை பக்கவாட்டில் நழுவுகிறது. யாரும் சொல்லாமலே பையன் அதைக் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்வான். மை பேனா விலையில் கிடைக்கும் முதல் பாடம் இது.

மகனுக்கு 12 ஆகிறது. மற்றவர்கள் எட்டு வயதிலேயே தனி வகுப்பு தொடங்கிவிட்டார்கள். காலம் கடந்துவிட்டதா? (ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்)

இல்லை. ஜேக்கப் டிகிராம் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) ஆடியவர். பிட்சிங்குக்கு வந்ததே கல்லூரியில் மூன்றாம் ஆண்டில். 2018, 2019 இரண்டு ஆண்டுகளும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார். ட்ரெவர் ஹாஃப்மன் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைந்ததும் ஷார்ட்ஸ்டாப்பாகத்தான். பிட்சராக மாறி, பின்னாளில் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார். எல்லோருக்கும் இது நடக்கும் என்று சொல்லவில்லை. கதவு பன்னிரண்டு வயதில் மூடிவிடுவதில்லை என்கிறேன்.

சொல்லப்போனால், பணம் கட்டுவதற்கு நான் சிபாரிசு செய்யும் காலமே இதுதான். லிட்டில் லீகில் 12 வயது வரை, பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 46 அடி. பெரிய மைதானத்தில் 60 அடி 6 அங்குலம். இடையில் 50 அடி மைதானம் இருந்தால் அதிர்ஷ்டம். பன்னிரண்டு வயதில் உயரத்தாலும் பலத்தாலும் எல்லோரையும் வீழ்த்திய பையன், அந்தத் தூரத்தைப் பார்த்ததும் கையை மட்டும் வைத்துத் தள்ளப் பார்ப்பான். அங்கேதான் தோளும் முழங்கையும் கெடும். கால், இடுப்பு, மார்பு என்று வரிசையாகச் சக்தியை மேலே கொண்டுவருவதை அந்த மாற்றத்துக்கு முன் ஆறேழு வகுப்பில் கற்றுக்கொள்வது நல்ல செலவு.

கல்லூரி நாள்களில் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசியவன் நான். வீட்டிலேயே நானே சொல்லித்தரக் கூடாதா? (நேப்பர்வில், இல்லினாய்ஸ்)

பந்து வீசிய அனுபவத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வாருங்கள். கிரிக்கெட்டில் முழங்கை 15 பாகைக்கு மேல் நீளக் கூடாது என்பது விதி. பிட்சிங்கில் மடங்கிய முழங்கை சட்டென்று நீள்வதுதான் எறிதலே. அங்கே ஓடி வந்து வேகம் எடுக்கிறோம். இங்கே மேட்டில் பதித்த ரப்பர் பலகையில் ஒரு காலை ஊன்றி, நின்ற இடத்திலிருந்து எடுக்க வேண்டும். நீங்கள் பவுண்டரிக் கோட்டிலிருந்து விக்கெட் கீப்பருக்கு எறிந்தீர்களே, அந்த எறிதான் இதற்குக் கிட்டத்தட்ட உறவு. 2008இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. ஐந்து கேலன் வாளி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, பிள்ளை எறிவதைப் பிடியுங்கள். வாரம் மூன்று நாள், இருபது பந்து போதும். முழங்கை, தோள் என்று ஒன்றையும் திருத்தாதீர்கள். கையுறையை எங்கே காட்டுகிறீர்களோ அங்கே எறியச் சொல்லுங்கள். இந்தத் துறையில் பல ஆண்டு இருந்தும் சொல்கிறேன்: தவறாமல் வாளியில் உட்காரும் தகப்பனுக்கு ஈடான பயிற்சியாளரை நான் பார்த்ததில்லை.

பத்து வயது மகனுக்குக் கர்வ்பால் (வளைந்து இறங்கும் பந்து) கற்றுத்தருகிறார் பயிற்சியாளர். எடை கூடிய பந்துகளையும் எறியச் சொல்கிறார். சரியா? (கேரி, வட கரோலினா)

சரியில்லை. கர்வ்பாலைப் பற்றி முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனம் 481 சிறுவர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஓர் ஆண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்கள் கடுமையான காயம் படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.5 மடங்கு. கர்வ்பால்தான் குற்றவாளி என்று அந்த ஆய்வில் நிரூபணமாகவில்லை. இருந்தாலும் பத்து வயதில் நான் கற்றுத்தருவதில்லை. நேரான வேகப்பந்தான ஃபாஸ்ட்பாலைச் சொன்ன இடத்தில் எறிய வராத பிள்ளை, பந்தைத் திருப்புவதில் மயங்கி அடிப்படையை விட்டுவிடுகிறது. அடுத்த பாடம் சேஞ்சப். கையின் வேகம் மாறாமல், பிடியை மட்டும் மாற்றிப் பந்தை மெதுவாக்குவது.

எடைப் பந்தில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு ஆறு வாரம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. வேகம் 3.3 சதவீதம் கூடியது. எடைப் பந்து எறிந்தவர்களில் 24 சதவீதத்தினருக்குக் காயம். அவர்கள் உங்கள் மகனைவிட மூத்தவர்கள். கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, நிறுத்துங்கள்.

மகனுக்குப் பத்து வயது. லிட்டில் லீக், ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் டீம், வாரம் ஒரு தனி வகுப்பு. அதிகமாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. (சான் ரமோன், கலிபோர்னியா)

உங்கள் பயம் நியாயமானது. 9, 10 வயதுக்கு ஒரு நாளைக்கு 75 பந்து என்பது லிட்டில் லீக் விதி. 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு; 51 முதல் 65 வரை மூன்று நாள்; 36 முதல் 50 வரை இரண்டு நாள்; 21 முதல் 35 வரை ஒரு நாள். இந்தக் கணக்கைச் சனிக்கிழமை ஒரு பயிற்சியாளர் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை டிராவல் டீம் பயிற்சியாளர் தன் கணக்கை ஒன்றிலிருந்து தொடங்குகிறார். புதன்கிழமை வகுப்பில் எறியும் நாற்பதை யாருமே எழுதுவதில்லை. ஆனால் கை ஒன்றுதான்.

குளிர்பதனப் பெட்டியின்மேல் ஒரு தாளை ஒட்டுங்கள். எங்கே எறிந்தாலும் அன்றிரவே எண்ணிக்கையை எழுதுங்கள். தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டி, 9 முதல் 12 வயதுக்கு ஆண்டில் 80 இன்னிங்ஸைத் தாண்டாதீர்கள், நான்கு மாதமாவது பந்தெறியாமல் இருங்கள் என்கிறது. பிட்ச் செய்யாத ஆட்டத்தில் கேட்சராக (பிட்சர் எறிவதைப் பிடிப்பவர்) நிறுத்துவதையும் தவிர்க்கச் சொல்கிறது. கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறாரே.

மூன்றில் ஒன்றை விட வேண்டும் என்றால், ஆட்டக் காலத்தில் வகுப்பை விடுங்கள். வகுப்பு குளிர்காலத்துக்கு உரியது. கை களைத்திருக்கும்போதும் வழக்கமாக எறிந்த இளைஞர்களுக்கு அறுவை சிகிச்சை வரையிலான காயம் 36 மடங்கு அதிகம் என்று 2006இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்த எண்ணை நான் மறப்பதே இல்லை.

பதினொரு வயது. எறிந்தபின் முழங்கையின் உட்புறம் வலிக்கிறது என்கிறான். “ஆரம்பத்தில் அப்படித்தான், ஐஸ் வையுங்கள்” என்கிறார் பயிற்சியாளர். (வாசகர், ஜார்ஜியா)

இன்றே எறிவதை நிறுத்துங்கள். சிறுவர் எலும்பு மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். அந்த வயதில் முழங்கையின் உட்புறத்தில் எலும்பு வளரும் தட்டு இன்னும் மூடியிருக்காது; திரும்பத் திரும்ப இழுபட்டு அது புண்ணாவதற்கு ‘லிட்டில் லீக் எல்போ’ என்று பெயரே இருக்கிறது. சீக்கிரம் கவனித்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வலி மாத்திரை கொடுத்து மேட்டில் ஏற்றாதீர்கள்.

மகள் சாஃப்ட்பாலில் (பெரிய பந்தில் ஆடும் பேஸ்பால் வகை) பிட்சராக வேண்டும் என்கிறாள். 11 வயது. (ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா)

இதற்குத் தயங்காமல் கட்டுங்கள். கையை முழு வட்டமாகச் சுழற்றிக் கீழிருந்து விடும் அந்த எறிதல் தனி வித்தை. அணிகளில் தன்னார்வமாக வரும் தகப்பன்மார் பலரும் பேஸ்பால் ஆடியவர்கள். அவர்களுக்கு இது தெரியாது. கல்லூரியில் பிட்சராக இருந்த பெண் யாராவது அருகில் கற்றுத்தருகிறாரா என்று தேடுங்கள். கீழிருந்து எறிவதால் கைக்கு ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவளுக்கும் ஓய்வு தேவை.

ஆண்டுக்கு 3,000 டாலர் வரை செலவாகிறது. கல்லூரி உதவித்தொகையில் திரும்பிவிடும் என்று நினைக்கலாமா? (வாசகர், வர்ஜீனியா)

நினைக்காதீர்கள். கல்லூரி விளையாட்டின் மூன்றாம் அடுக்கான டிவிஷன் மூன்று கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகையே தருவதில்லை. டிவிஷன் ஒன்றில்கூட நெடுங்காலம் ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைதான்; அதை 27 பேர் வரை பங்குபோட்டார்கள். 2025இல் விதி மாறியது. அதற்காகக் கணக்குப் போட்டுப் பணம் இறைக்க வேண்டாம். படிப்புக்கான பணத்தை, கல்விச் சேமிப்புக்கான 529 கணக்கில் போடுங்கள். பிட்சிங்குக்கு, திரும்பி வராவிட்டாலும் வருந்தாத தொகையை மட்டும் செலவிடுங்கள்.

வகுப்பு முடிந்து வரும்போதெல்லாம் காரில் கணவருக்கும் மகனுக்கும் சண்டை. “இவ்வளவு பணம் கட்டுகிறேன்” என்கிறார் இவர். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுகிறான். வயது பத்து. நான் என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம்)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. இப்படி ஒரு பையன் என்னிடமும் வந்தான். ஒருநாள் பந்துகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான்: “அங்கிள், நான் சென்டர் ஃபீல்டில் நின்றால் அப்பா கோபித்துக்கொள்வாரா?” அவனுக்கு ஆட்டம் பிடித்திருந்தது. மேடு பிடிக்கவில்லை. அந்த வித்தியாசத்தைச் சொல்ல அவனுக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

உங்கள் மகனிடம் காரில் கேட்காதீர்கள், கணவர் இருக்கும்போதும் கேட்காதீர்கள். இரவு படுக்கப்போகும் நேரத்தில் “உனக்கு எந்த இடத்தில் ஆடப் பிடிக்கும்?” என்று மட்டும் கேளுங்கள். என்ன சொன்னாலும் மீதி வகுப்புகளை நிறுத்திவிட்டதாகப் பயிற்சியாளருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். கட்டணம் திரும்பக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்புதான் காரில் கோபமாக வெளிவருகிறது. அடுத்த சனிக்கிழமை அதே வகுப்பு நேரத்தில் இருவரும் கையுறைகளை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போகட்டும். மேட்டுக்குப் போக வேண்டாம், புல்வெளி போதும். எத்தனை பந்து, எவ்வளவு வேகம் என்று எதையும் எண்ண வேண்டாம். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பதைப் பையன் சொல்லட்டும். பிறகு எனக்கு எழுதுங்கள்.