ரோட்டரி டூல் கட்டிங் வீல்: கேள்வி பதில்

கேள்வி: என் ரோட்டரி டூலுக்கு (கையில் பிடித்து ஓட்டும் சிறிய சுழல் கருவி) 24 மி.மீ. மெல்லிய வீல் ஒரு டப்பா வாங்கினேன். ஒரே ஒரு போல்ட்டை அறுப்பதற்குள் ஆறு வீல் உடைந்துவிட்டது. சரக்கு மட்டமா?

பதில்: சரக்கைக் குறை சொல்லும் முன் கையைப் பார்க்கலாம். அந்த வீலின் கனம் 0.6 மி.மீ. அளவுதான். அரைப்புத் துகளை ரெசினில் (பிசினில்) குழைத்து அழுத்திய தகடு அது. உள்ளே நார்வலை கிடையாது. நேராகச் சென்று நேராக வந்தால் நன்றாக உழைக்கும். மணிக்கட்டு கொஞ்சம் திரும்பினாலும் பட்டென்று போய்விடும். வெட்டு ஆழமாகி வீல் பள்ளத்துக்குள் இறங்கிய பிறகு கை சாய்வதுதான் பெரும்பாலும் காரணம்.

போல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அறுத்தீர்களா? வைஸில் இறுக்குங்கள். அறுந்து விழப்போகும் பக்கத்துக்கு முட்டுக் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் தாங்கி நின்றால் வெட்டுவாய் மூடி வீலைக் கவ்விவிடும். முதலில் மேலாக ஒரு கோடு கீறி, அதே கோட்டில் முன்னும் பின்னுமாகப் போய் வாருங்கள். டூலின் எடையே போதும், அழுத்த வேண்டாம். மாண்ட்ரல் (வீலை மாட்டும் தண்டு) திருகையும் வீல் நழுவாத அளவுக்கு முடுக்கினால் போதும். அதற்கு மேல் முடுக்கினால் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விழும், வெளியே தெரியாது. போல்ட் மாதிரி கனமான வேலைக்கு 32 அல்லது 38 மி.மீ. ஃபைபர் வீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு முறை உடைந்தபோதும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. கட்டாயம் போடுங்கள். வீல் சுற்றும் நேர்க்கோட்டில் முகத்தை வைக்காதீர்கள். துண்டு பறப்பது அந்தக் கோட்டில்தான்.

கேள்வி: ஃபைபர் வீல் என்றால் உடையவே உடையாதா அண்ணா?

பதில்: உடையும். கண்ணாடி இழை வலை துண்டுகளைப் பிடித்து வைப்பதால் சிதறுவது குறைவு, அவ்வளவுதான். பாதுகாப்புக் கண்ணாடி அதற்கும் வேண்டும்.

கேள்வி: வேகத்தைக் குறைத்து ஓட்டினால் வீல் அதிக நாள் வரும்தானே? நான் 10,000 ஆர்பிஎம்மில்தான் (நிமிடத்துக்கு 10,000 சுற்று) இரும்பு அறுக்கிறேன்.

பதில்: இல்லை, நேர் எதிர். வேகம் குறையும்போது ஒவ்வொரு துகளும் ஒரு சுற்றில் அதிக இரும்பைக் கடிக்க வேண்டியிருக்கிறது. பாரம் தாங்காமல் மழுங்கும் முன்பே பெயர்ந்து விழுகிறது. வீல் மாவாகக் கரைகிறது. வேகம் கூடினால் ஒவ்வொரு கடியும் சிறிது, துகள் நின்று வேலை செய்யும். கணக்கைப் பாருங்கள்: 38 மி.மீ. வீல் 30,000 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 60 மீட்டர் ஓடுகிறது. அதே வீல் தேய்ந்து 19 மி.மீ. ஆனதும் 30 மீட்டர்தான். புது வீல் நிதானமாகத் தேய்ந்து, சிறுத்த பிறகு மளமளவென்று கரைவதைக் கவனித்திருப்பீர்களே, காரணம் இதுதான். வீல் மீது அச்சிட்ட ஆர்பிஎம்மைத் தாண்டாமல், அதற்குக் கீழே வேகமாக ஓட்டுங்கள்.

கேள்வி: அலுமினியம் அறுத்தால் வீல் வெட்ட மறுக்கிறது.

பதில்: சூட்டில் இளகிய அலுமினியம் துகள்களுக்கு இடையே அடைத்துக்கொள்கிறது. மெழுகு தடவி, அடிக்கடி வெளியே எடுத்து அறுங்கள்.

கேள்வி: வேகத்தைப் பற்றிக் கேட்டவன்தான். நீங்கள் சொன்னபடி ஓட்டினேன், இரும்பு நீலமாகிவிட்டது. அதனால்தான் குறைந்த வேகம் என்கிறேன்.

பதில்: நீலம் வந்தது சூட்டால், சரி. ஆனால் ஒரே இடத்தில் நின்று அழுத்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோட்டின் முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள், இடையிடையே ஆற விடுங்கள். மோட்டார் சத்தம் இறங்கினால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்; காது சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் சொல்வது பிளாஸ்டிக்குக்குப் பொருந்தும். அங்கே வேகம் குறையாவிட்டால் வெட்டுவாய் உருகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். இரும்புக்கு என் பதில் மாறாது.

கேள்வி: வைரம்தான் எல்லாவற்றையும் விடக் கடினம். டைமண்ட் வீலால் இரும்பு அறுத்தால் ஒரே வீலில் வேலை முடியாதா?

பதில்: வைரம் என்பது கார்பன். வெட்டும் சூட்டில் இரும்பு அந்தக் கார்பனை இழுத்துக்கொள்ளும், வைரத் துகள் மழுங்கிவிடும். டைமண்ட் வீலை டைல்ஸ், கண்ணாடி, கல் இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அதற்கு நிகரில்லை. வெட்டும் இடத்தை ஈரமாக வைத்தால் வீலும் பிழைக்கும், தூசியும் அடங்கும். டைல்ஸ், கல் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். முகத்தில் துணி கட்டினால் போதாது, தூசி வடிகட்டும் சுவாசக் கவசம் வேண்டும். தண்ணீரைப் பொருளின் மேல் பஞ்சால் தொட்டுவையுங்கள். மின்சாரத்தில் ஓடும் டூலுக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது.

கேள்வி: என் வீலும் அடிக்கடி உடைகிறது, என்ன பிராண்ட் வாங்கலாம்?

பதில்: முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள். பிராண்ட் மாற்றினால் கை மாறாது.

கேள்வி: மரம் அறுக்கலாமா?

பதில்: கருகும், புகையும். பல் வைத்த ரம்ப வட்டு வாங்குங்கள்.

கேள்வி: 100 மி.மீ. கிரைண்டர் டிஸ்க்கை அடாப்டர் வைத்து ரோட்டரி டூலில் மாட்டலாமா சார்?

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அந்த டிஸ்க் தாங்குவது 15,000 ஆர்பிஎம் அளவுக்குத்தான். உங்கள் டூல் அதைப்போல் இரு மடங்கு சுற்றும். காவல் மூடியும் கிடையாது. சிறிய வீலின் சில்லு ஒன்று என் கன்னத்தைக் கிழித்திருக்கிறது. அன்று கண்ணில் கண்ணாடி இருந்ததால்தான் இன்று இதை எழுதுகிறேன். அப்படியென்றால் 100 மி.மீ. துண்டு என்ன செய்யும்?

கேள்வி: பழைய வீல்கள் பல வருடங்களாகப் பெட்டியில் கிடக்கின்றன. தட்டிப் பார்த்து நல்லதா என்று கண்டுபிடிக்கலாமா?

பதில்: தட்டி ஓசை கேட்பது பீங்கான் பிணைப்புள்ள அரைக்கல்லுக்கு. ரெசின் வீலுக்கு அந்தச் சோதனை பலிக்காது. ரெசின் ஈரம் குடித்து நாளாக நாளாகப் பலம் இழக்கும். வளைந்தது, ஓரம் உதிர்ந்தது, ஈரத்தில் கிடந்தது எல்லாவற்றையும் எறியுங்கள். மற்றதை மாட்டி, உங்களை விட்டு விலக்கிப் பிடித்து, ஒரு நிமிடம் சும்மா சுற்றவிடுங்கள். அந்த ஒரு நிமிடமும் கண்ணாடியோடு.