அவனில் (மின்சார ஓவனில்) பழ வத்தல்: அண்ணாச்சியிடம் கேளுங்கள்

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, ஏத்தன் பழத்தை (நேந்திரம் வாழைப்பழம்) 120 டிகிரியில் காய வைத்தேன். மேலே நன்றாகக் காய்ந்திருந்தது, ஆனால் டப்பாவில் போட்ட மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்துவிட்டது. ஏன்?

பதில்: சூடுதான் காரணம். 120-ல் மேல்பக்கம் சட்டென்று இறுகி, உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் நின்றுவிடும். 60 முதல் 70 டிகிரி போதும். பழம் பழுத்திருக்க வேண்டும், குழையக் கூடாது. எல்லா வில்லையும் அரை சென்டிமீட்டர் கனத்தில் இருக்கட்டும். புளியங்குடி எலுமிச்சையைப் பிழிந்து, அதே அளவு தண்ணீர் சேர்த்து, அதில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் அவ்வளவாகக் கறுக்காது. தட்டு வேண்டாம், கம்பி வலையில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். கதவில் மரக்கரண்டியைச் செருகி இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். ஆவி போகாவிட்டால் பழம் காயாது, வேகும். பாதியில் திருப்பிப் போடுங்கள். எட்டு மணி நேரம் முன்னே பின்னே ஆகும். சூட்டோடு தொட்டுப் பார்த்தால் மெத்தென்றுதான் இருக்கும். அதனால் ஒரு வில்லையை ஆறவிட்டுப் பிட்டுப் பாருங்கள்: வளைய வேண்டும், ஈரம் கசியக் கூடாது. அப்புறம் கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். உள்பக்கம் நீர் பூத்தால் திரும்ப அவனுக்குள்.

களக்காடு: கடைச் சிப்ஸ் மாதிரி மொறுமொறுப்பு வரவில்லையே?

பதில்: அது வாழைக்காயை எண்ணெயில் பொரிப்பது. பழம் காய்ந்தால் மெல்லுகிற பதம்தான் வரும்.

பாளையங்கோட்டை: வெயில் சும்மா கிடக்கிற ஊரில் அவன் எதற்கு அண்ணாச்சி? எங்க ஆச்சி மொட்டைமாடியில்தான் வத்தல் போடுவாள்.

பதில்: ஆச்சி போட்டது சுண்டைக்காய், மோர் மிளகாய். அவற்றை உப்பும் மோரும் காக்கும். பழத்தில் உப்பு இல்லை, இனிப்புக்கு ஈ வேறு மொய்க்கும். ராத்திரி ஈரக்காற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

தென்காசி: ஆனி, ஆடிச் சாரலில் எங்கள் மாடியில் துணியே காயாது. பாளையங்கோட்டைக்காரர் இங்கே வந்து போட்டுப் பார்க்கட்டும்!

பாளையங்கோட்டை: சித்திரை வெயிலைச் சொன்னேன், சாரலை இல்லை. போன கோடையில் மாம்பழக் கூழைப் பாயில் தடவிக் காய வைத்தோம், அருமையாக வந்தது.

பதில்: சரி, கூழுக்கு ஒத்துக்கொள்கிறேன். மெல்லிசாகத் தடவுவதால் சீக்கிரம் வற்றும். மெல்லிய துணி மூடி, பொழுது சாய உள்ளே எடுத்துவிட வேண்டும். கனமான வில்லைக்கு, அதுவும் ஐப்பசியில், அவன்தான்.

வள்ளியூர்: 100-ல் வைத்தால் சீக்கிரம் முடியாதா?

பதில்: அம்பாசமுத்திரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சங்கரன்கோவில்: 150-ல் ஒரு மணி நேரம் வைத்தால்?

பதில்: அதற்குப் பெயர் சுடுவது. சூட்டைக் கூட்டாதீர்கள் என்று இன்னும் எத்தனை பேருக்குச் சொல்ல?

திசையன்விளை: என் அவனில் 100-க்குக் கீழே குறியே இல்லை. உண்மையாகவே வழி உண்டா?

பதில்: இது நியாயமான கேள்வி. குறைந்த குறியில் வைத்து, கதவை இன்னும் கொஞ்சம் திறந்து, உள்ளே அவன் தெர்மாமீட்டர் ஒன்றை வைத்துப் பாருங்கள். 70-ஐத் தாண்டினால் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

மேலப்பாளையம்: சர்க்கரை உள்ள அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

பதில்: டாக்டரிடம் கேளுங்கள். வற்றினால் போவது தண்ணீர்தான், இனிப்பு அப்படியே இருக்கும்.

சேரன்மகாதேவி: கரண்டு பில் எகிறுமா அண்ணாச்சி?

பதில்: 1500 வாட் அவன் எட்டு மணி நேரமும் விடாமல் எரிந்தால் 12 யூனிட். சூடு ஏறியதும் விட்டுவிட்டு எரிவதால் அதைவிடக் குறையும். ஆனாலும் நாலு பழத்துக்காக அதை ஓட்டாதீர்கள், வலை நிறைய வையுங்கள். உரித்த பழம் ஒரு கிலோவுக்குச் சுமார் 300 கிராம் வத்தல் கிடைக்கும்.