கையெழுத்துப் போட யாருமில்லாத பாட்டி

அன்புள்ள அக்கா,

நாங்கள் இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பக்கத்துக் காம்பராப் பாட்டிக்கு எழுபது தாண்டிவிட்டது. கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போய்விட்டார்கள், பிள்ளைகளும் இல்லை. சீனி வருத்தத்தில் கால் அழுகி, காய்ச்சலில் பிதற்றத் தொடங்கியதும் லயத்து ஆட்கள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலை எடுக்க வேண்டுமாம், சொந்தக்காரர் யார் என்று கேட்டுவிட்டு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். நான் போடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

உயிர் போகிற அவசரம் என்றால் டொக்டர் யாருடைய கையெழுத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, காப்பாற்றத்தான் வேண்டும். அதனால் முதலில் இதைக் கேளுங்கள்: இன்றைக்கே எடுக்க வேண்டுமா, ஓரிரு நாள் மருந்து ஏற்றிப் பார்க்கலாமா? கிருமி இரத்தத்தில் கலந்தாலும், சீனி ஏறி இறங்கினாலும் வயசானவர்களுக்கு மனம் குழம்பும், மருந்தில் அது தெளியவும் கூடும். தெளிந்துவிட்டால் கால் அவருடையது, முடிவும் அவருடையது.

என் பெரியம்மாவை ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் ஒன்றும் விளங்காதவர் என்றே நடத்தினார்கள். கேட்டதெல்லாம் சிங்களத்தில். நான் போய்த் தமிழில் கேட்டதும் எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னார். அன்றிலிருந்து யாருக்காவது சுயநினைவு சரியில்லை என்று கேள்விப்பட்டால், அவருடைய பாஷையில் யாராவது பேசிப் பார்த்தார்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

சரி, தெளியவே இல்லை என்றால்? அவசரத்தில் ‘மகள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பக்கத்து வீடு என்றே சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் நீங்கள் பேசத் தகுதியில்லாதவர் ஆகிவிட மாட்டீர்கள். மும்பையில் அருணா ஷான்பாக் என்ற நர்ஸ் 1973இல் தாக்கப்பட்டு, 2015இல் இறக்கும்வரை 42 வருஷம் அதே ஆஸ்பத்திரியில் சுயநினைவில்லாமல் கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தலாமா என்ற வழக்கில், அவர் சார்பாகப் பேச உரியவர்கள் பல வருஷமாகப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி ஊழியர்களே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது. இரத்த உறவை மட்டும் அது பார்க்கவில்லை.

இங்கிலாந்தில் 2005ஆம் வருஷச் சட்டப்படி, இப்படி யாருமில்லாதவருக்குப் பெரிய வைத்தியம் செய்வதற்கு முன் வெளியாள் ஒருவரை அமர்த்த வேண்டும். அவர் முடிவெடுப்பதில்லை. இந்த மனுஷி எப்படி வாழ்ந்தார், எதை விரும்புவார் என்று விசாரித்து டொக்டர்களிடம் சொல்வதுதான் அவர் வேலை. அந்த வேலையை உங்களைவிட நன்றாக யார் செய்வார்? பாட்டி நடமாட்டத்தைப் பற்றி, கால் போனவர்களைப் பற்றி, சாவைப் பற்றி எப்போதாவது பேசியிருப்பார் இல்லையா, அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக் கொடுங்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதை அதில் கலக்க வேண்டாம். இன்னொரு பெரிய டொக்டரும் பார்க்கட்டும், ஏன் இந்த முடிவு என்பதைப் பாட்டியின் டிக்கட்டில், அதாவது வைத்தியக் குறிப்பில், எழுதட்டும். இதைக் கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம், ஆஸ்பத்திரிக்குப் பகலில் போங்கள். இந்த மாதிரிக் குழப்பம் பெரும்பாலும் இராத்திரியில் கூடும், பகலில் கொஞ்சம் தெளியும். கிட்டப் போய், வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டு, காலைப் பற்றி மெதுவாகக் கேளுங்கள். ஒரு வார்த்தை சொன்னாலும், தலையை மட்டும் ஆட்டினாலும், அப்படியே டொக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். எனக்கும் எழுதுங்கள்.