புரொப்பேன் டேங்க், டிரக், விலை: குளிர்காலக் கேள்வி பதில்

அமெரிக்காவில் குழாய் கேஸ் வராத பகுதிகளில் வீடு வாங்கி, புரொப்பேன் எரித்துக் குளிரைச் சமாளிக்கும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மிட்வெஸ்ட் (நாட்டின் நடு-வடக்கு மாநிலங்கள்) பக்கம் புரொப்பேன் விற்கும் ஒரு நிறுவனத்தில் கொள்முதல் பார்ப்பது என் வேலை. வியாபாரி பக்க நியாயம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, எங்கள் வீட்டு டேங்க் 500 கேலன். காலியாக இருந்தும் 400 கேலன்தான் ஊற்றினார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை. திரவ புரொப்பேன் வெயில் ஏறினால் நன்றாக விரியும், தண்ணீரைவிடப் பல மடங்கு. அதற்கு இடம் விட்டு 80 சதவீதத்தோடு நிறுத்துவதுதான் விதி. டேங்க் மேலிருக்கும் குமிழ் மூடியைத் தூக்கினால் ஒரு வட்ட முள் கேஜ் தெரியும். அது காட்டுவது சதவீதம், கேலன் அல்ல. 30-ல் முள் நின்றால் உங்களிடம் 150 கேலன் இருக்கிறது. டிரக் மீட்டரும் வெப்பநிலைக்கு ஏற்றபடி 60 டிகிரி ஃபாரன்ஹீட் கணக்குக்குத் திருத்தித்தான் கேலனை அச்சிடும். கோடையில் வாங்கினால் விரிந்த கேஸுக்குக் காசு கொடுக்கிறோமோ என்ற கவலை வேண்டாம்.

கச்சா எண்ணெய் விலை சரிந்த மாதம்கூட என் பில் அசையவில்லை. இந்த விலையை யார்தான் வைக்கிறார்கள்?

மொத்த விலைக்கு இரண்டு ஊர்கள் முக்கியம்: டெக்சஸில் மாண்ட் பெல்வியூ, கான்சஸில் கான்வே. இரண்டிலும் நிலத்தடி உப்புப் படிவங்களைக் குடைந்து உண்டாக்கிய பெரிய சேமிப்புக் குகைகள் உள்ளன. இயற்கை எரிவாயுவைச் சுத்திகரிக்கும் ஆலைகளில் பிரியும் புரொப்பேன்தான் இப்போது பெரும்பங்கு, மீதி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து வருகிறது. அதில் நிறைய இந்தக் குகைகளில் சேரும், அங்கே கேலனுக்கு இத்தனை சென்ட் என்று தினமும் கைமாறும்.

அங்கே 80 சென்ட் இருக்கும்போது உங்கள் வீட்டில் இரண்டரை டாலர் என்றால், நடுவில் இருப்பது முழுக்கக் கொள்ளை லாபம் இல்லை. பைப்லைன் வாடகை, டெர்மினல் (பைப்லைனில் வரும் சரக்கை லாரிக்கு ஏற்றும் இடம்) கட்டணம், அங்கிருந்து எங்கள் கிடங்குக்கு வரும் பெரிய டிரான்ஸ்போர்ட் லாரி, அப்புறம் உங்கள் வாசலுக்கு வரும் பாப்டெயில் என்ற சின்ன டிரக். பெரிய லாரி ஒரே நடையில் 9,000 கேலனுக்கு மேல் கொண்டுவரும். பாப்டெயில் சுமார் 3,000 கேலனை ஏற்றிக்கொண்டு பனிச் சாலையில் வீடு வீடாக அலைய வேண்டும். டிரைவர் சம்பளம், இன்ஷூரன்ஸ், உங்கள் கொல்லையில் கிடக்கும் எங்கள் டேங்க்கின் விலை எல்லாம் கேலன் கணக்கில்தான் ஏறும். அதனால்தான் அடுப்புக்கும் கணப்புக்கும் மட்டும் வருடத்துக்கு 100 கேலன் வாங்குபவர், 1,000 கேலன் வாங்குபவரைவிட அதிக விலை கொடுக்கிறார்.

மின்சாரக் கட்டணம்போல இதற்கு அனுமதி தரும் அரசு ஆணையம் கிடையாது. பேரம் பேசலாம். வெட்கப்படாமல் மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.

அமெரிக்கா ஏற்றுமதி செய்யும் அளவுக்குப் புரொப்பேன் வைத்திருக்கிறதாம். பிறகு ஏன் குளிர்காலத்தில் தட்டுப்பாடு என்கிறீர்கள்?

சரியான கேள்வி. ஷேல் கேஸ் (பாறை அடுக்குகளை உடைத்து எடுக்கும் எரிவாயு) வந்த பிறகு இந்த நாடு உள்ளூரில் எரிப்பதைவிட அதிகமாகக் கப்பலேற்றுகிறது. ஆசியாவின் பிளாஸ்டிக் ஆலைகளும் நீங்களும் ஒரே சரக்குக்குப் போட்டியிடுகிறீர்கள். ஆனால் தட்டுப்பாடு வரும்போது பெரும்பாலும் குறைவது கேஸ் அல்ல, அதைக் கொண்டுவரும் வழி. 2013-14 குளிர்காலத்தைப் பாருங்கள்.

2013 இலையுதிர்காலத்தில் மிட்வெஸ்டில் மக்காச்சோள விளைச்சல் அமோகம், ஆனால் கதிர் ஈரமாக வந்தது. ஈரச் சோளத்தைக் களஞ்சியத்தில் போட்டால் பூஞ்சை பிடிக்கும், அதனால் விவசாயிகள் ராட்சத உலர்த்திகளை ஓட்டினார்கள். அவை எரிப்பது புரொப்பேன். குளிர் தொடங்கும் முன்பே டெர்மினல்கள் வற்றின. கனடாவிலிருந்து மினசோட்டா வழியாக வந்த கோச்சின் பைப்லைன் அதே நேரம் பராமரிப்புக்காகச் சில வாரம் நின்றது. (அடுத்த ஆண்டு அதன் திசையையே மாற்றி, புரொப்பேன் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள்.) அதற்கு மேல் ஜனவரியில் துருவச் சுழல், அதாவது வடதுருவக் குளிர்காற்று தெற்கே இறங்கிய கடுங்குளிர்.

கான்வேயில் விலை 4 டாலரைத் தாண்டியது. அதே நாட்களில் மாண்ட் பெல்வியூவில் அதில் பாதிகூட இல்லை. ஒரே நாடு, ஒரே சரக்கு, நடுவில் போதுமான குழாய் இல்லை, அவ்வளவுதான். லாரிகள் மாநிலம் தாண்டிப் போய் டெர்மினல் வாசலில் மணிக்கணக்காக வரிசை கட்டின. டிரைவர்கள் ஓட்டும் நேர வரம்பை மத்திய அரசு தளர்த்தியது. 2014 பிப்ரவரியில் ஒரு பைப்லைனில் புரொப்பேனுக்கு முன்னுரிமை கொடுக்கும்படி மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அவசர உத்தரவே போட்டது. வீட்டு விலையும் மிட்வெஸ்டில் 4 டாலருக்கு மேல் போனது.

எனவே செய்தியில் கையிருப்பு நிறைய என்று படித்து நிம்மதி அடைவதற்கு முன், அந்தக் கையிருப்பு டெக்சஸில் இருக்கிறதா, உங்கள் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய எரிசக்தித் தகவல் நிறுவனம் வாராவாரம் பகுதிவாரியாக வெளியிடுகிறது. நான் அக்டோபரில் முதலில் பார்ப்பது அதையும், சோளம் எவ்வளவு ஈரம் என்பதையும்தான்.

முன்பணம் கட்டி விலையைப் பூட்டலாமா, உச்சவரம்பு ஒப்பந்தம் நல்லதா?

முன்பணத் திட்டத்தில் கோடையில் முழுப் பணத்தையும் கட்டுகிறீர்கள், விலை பிறகு ஏறினாலும் இறங்கினாலும் அதே விலைதான். உச்சவரம்பில் ஏறினால் வரம்போடு நிற்கும், இறங்கினால் இறங்கும். அதற்கு ஒரு கட்டணம் உண்டு, ஏனென்றால் அந்த ஆபத்தை நாங்கள் சந்தையில் காசு கொடுத்துத்தான் காப்பீடு செய்கிறோம். என் கருத்து: தேவையில் முக்கால்வாசியைப் பூட்டுங்கள், மீதியை அன்றைய விலையில் விடுங்கள். முன்பணம் கட்டும் முன், நிறுவனம் அந்தச் சரக்கை உண்மையிலேயே வாங்கி வைக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் டெலிவரியில் என் கேஜைப் பார்க்காமலே எப்படி டிரக் அனுப்புகிறார்கள்?

டிகிரி டே கணக்கு. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு எத்தனை கீழே என்பதுதான் அது. சராசரி 20 என்றால் 45 டிகிரி டே. உங்கள் வீடு ஒரு கேலனுக்கு 5 டிகிரி டே ஓட்டும் என்று பழைய பில்களிலிருந்து தெரிந்தால், அன்று 9 கேலன் செலவு. வீட்டில் புதிதாக ஒரு அறை கட்டினாலோ, ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து ஹீட்டரைக் கூட்டி வைத்தாலோ இந்தக் கணக்கு தப்பும். ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

வாடகை டேங்க்கில் வேறு நிறுவனத்திடம் மலிவாக நிரப்பிக்கொள்ளலாமா?

முடியாது. டேங்க் யாருடையதோ அவர் அனுமதியின்றி வேறொருவர் நிரப்பக் கூடாது என்று பெரும்பாலான மாநிலங்களில் சட்டமே உண்டு. சொந்த டேங்க் வாங்கினால் சுதந்திரம் உண்டு, பராமரிப்பும் உங்கள் தலையில்.

கடும் குளிரில் கேஜ் 15 காட்டும்போதே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் திணறியது. கேஸ் உறைந்துவிட்டதா?

உறையவில்லை. புரொப்பேன் கொதிப்பது மைனஸ் 42 டிகிரி செல்சியஸில். அதற்கு மேல் இருக்கும்வரை டேங்க்குக்குள் மெல்லக் கொதித்து ஆவியாகும், அந்த ஆவியைத்தான் ஃபர்னஸ் எரிக்கிறது. கொதிக்க வேண்டிய வெப்பம் வெளிக்காற்றிலிருந்து, திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் டேங்க் சுவர் வழியாக வர வேண்டும். திரவம் குறைந்தால் அந்தப் பரப்பும் குறையும், காற்றும் குளிர்ந்திருந்தால் ஃபர்னஸ் கேட்கும் வேகத்துக்கு ஆவி வராது. கடுங்குளிர் மாதங்களில் 30 சதவீதத்திலேயே ஆர்டர் கொடுங்கள். டேங்க்கைச் சூடாக்க நெருப்பு, ஹேர் டிரையர் என்று எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஹீட் பம்ப்புக்கு (வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் கருவி) மாறினால் மிச்சமா?

ஒரு கேலன் புரொப்பேனில் சுமார் 91,500 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு), அதாவது 27 யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவு. 95 சதவீதத் திறனுள்ள ஃபர்னஸில் கைக்கு வருவது 25.5 யூனிட் வெப்பம். யூனிட் 15 சென்ட் என்று வைத்தால், சாதாரண மின் ஹீட்டரில் அதே வெப்பத்துக்கு 3.82 டாலர் ஆகும். ஒரு யூனிட்டுக்கு இரண்டரை மடங்கு வெப்பம் தரும் ஹீட் பம்ப்பில் 1.53. மேலே சொன்ன இரண்டரை டாலர் கேலனோடு ஒப்பிட்டால், மிதமான குளிரில் பம்ப் ஜெயிக்கும், கடுங்குளிரில் அதன் திறன் இறங்கும்போது புரொப்பேன் மீண்டும் போட்டிக்கு வரும். இரண்டையும் வைத்துக்கொள்பவர்கள் கூடிவருகிறார்கள்.

டேங்க் முழுதும் தீர்ந்துவிட்டது. நிரப்பிய பிறகு தனியாக 100 டாலருக்கு மேல் வாங்கினார்கள். நியாயமா?

கேஸ் நின்றுபோன வீட்டில் கசிவுச் சோதனை செய்யாமல் மறுபடி திறந்துவிடக் கூடாது. எங்காவது ஒரு வால்வு திறந்தே இருந்தால், காற்றைவிட எடை கூடிய கேஸ் பேஸ்மென்ட்டில் போய்த் தேங்கும். எனவே ஆள் வந்து அழுத்தம் பார்த்து, பைலட் எனும் சின்னப் பற்றவைப்புச் சுடர்களை ஏற்றிவிட்டுப் போக வேண்டும். கட்டணம் நியாயம். ஞாயிறு இரவு மாதிரி நேரத்தில் அழைத்திருந்தால் அதற்கான கூடுதல் தொகையும் அதில் சேர்ந்திருக்கும், பில்லைப் பாருங்கள். தொகை மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.