கதைச்சுருக்கம் மூன்று பக்கம் போகிறதென்றால்

திரைப்பட விமர்சனம் எழுதும்போது உங்கள் கருத்தை முதலில் எழுதுங்கள், கதைச்சுருக்கத்தைக் கடைசியில். சுருக்கமே மூன்று பக்கம் போய், சொல்ல வந்ததற்கு இடமில்லாமல் போகிறது என்றீர்களே, அதற்கு இதுதான் வழி. உங்கள் கருத்து புரிய எந்தச் சம்பவம் வேண்டுமோ அது மட்டும் உள்ளே வரட்டும்.

படம் ஓடிய வரிசையிலேயே எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன் (நானும் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்). எழுதியதை எடுத்து, அடுத்தடுத்த வாக்கியங்களுக்கு நடுவே "அதனால்" அல்லது "ஆனால்" போட்டுப் படித்துப் பாருங்கள். "அண்ணன் ஊர் திரும்புகிறான், அதனால் தம்பி மறைத்த கடன் வெளியே வருகிறது", சரி, இருக்கட்டும். "அப்புறம் எல்லோரும் திருவிழாவுக்குப் போகிறார்கள்" என்று மட்டும்தான் சேர்க்க முடிகிறதா, வெட்டுங்கள்.

முன்னும் பின்னுமாகக் காலம் தாவும் கதைக்கு இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது.